விழுவதற்கு முன்பே வாருங்கள்

பார்கின்சன் நோயாளிகள் பலரை எலும்பு முறிவுக்குப் பிறகுதான் பார்க்க நேர்கிறது. இரவில் குளியலறைக்கு எழுந்து போனவர், திரும்பும் இடத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருப்பார். ‘ஒரு வருஷமாவே நடை தள்ளாட்டம்தான் டாக்டர். வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்’ என்பார்கள் வீட்டார். கை நடுங்கியதும் ஓடி வந்தவர்கள், கால் தடுமாறியதற்கு ஏன் வரவில்லை?

மாத்திரை மட்டும் போதாது

லெவோடோபா மாத்திரை உடல் இறுக்கத்தையும் மந்தத்தையும் நன்றாகக் குறைக்கும். சமநிலையை அந்த அளவுக்குச் சரிசெய்யாது. அதற்குப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவின் ஓரிகனில் 195 நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், வாரம் இரு முறை ஆறு மாதம் தை சி என்ற சீன உடற்பயிற்சியைப் பயின்றவர்கள், தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

வீட்டில் நடக்கும் தவறுகள்

‘அப்பா விழுந்துடுவார், உட்கார்ந்தே இருக்கட்டும்’ என்பது பாசம்தான். ஆனால் உட்காரவைத்தால் தொடைத் தசை மெலியும். அடுத்த முறை எழும்போது விழும் வாய்ப்பு கூடும்.

‘நிமிர்ந்து நடங்க’ என்று அதட்டுவதாலும் கூன் நிமிராது. முன்பக்கம் வளைந்திருப்பது அவருக்கே தெரிவதில்லை. கண்ணாடி முன் நிற்கவைத்துக் காட்டுங்கள்.

வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடல் மட்டும் முன்னே வரும், கால் வராது. ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணுங்கள். தரையில் ஒட்டிய வண்ண டேப்பைத் தாண்டச் சொல்லுங்கள்.

மருந்துக் கடை வைத்தியம்

தள்ளாட்டத்தைத் தலைசுற்றல் என்று நினைத்து, சின்னரிசின் மாத்திரையைத் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். அந்த மாத்திரையே பார்கின்சன் அறிகுறிகளை அதிகமாக்கும்! வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் அப்படித்தான். ‘பூனைக்காலிப் பொடி இயற்கையானதுதானே?’ என்று கேட்கிறார்கள். அதில் இருப்பதும் லெவோடோபாதான். டாக்டருக்குச் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால், மருந்தின் அளவு மீறி, ரத்த அழுத்தம் சரியலாம். கை கால் தானாக நெளியலாம். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

தள்ளாட்டம் என்று வந்தால் டாக்டர் செய்யும் பரிசோதனைகள் இவை: படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், பின்னிருந்து தோளை இழுத்துப் பார்க்கும் சோதனை.

பயிற்சி எப்படி?

மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்க, இவற்றைச் செய்யுங்கள். சுவரில் முதுகும் தலையும் படும்படி நிமிர்ந்து நிற்பது. சமையல் மேடையைப் பிடித்தபடி உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது. அகலமாக அடியெடுத்து வைப்பது. நாற்காலியிலிருந்து எழும்போது விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னிழுத்து, முன்னே சாய்ந்து எழ வேண்டும். நின்ற இடத்தில் சுழன்று திரும்பாமல் அரைவட்டமாக நடந்து திரும்ப வேண்டும். இரண்டு கையிலும் பொருளோடு நடக்கவே கூடாது.

கெஞ்சிக் கேட்கிறேன்

நோய் இதுதான் என்று தெரிந்த வாரத்திலேயே பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். கழிப்பறையில் கைப்பிடி பொருத்துங்கள். தரையில் கிடக்கும் கால்மிதிகளை எடுத்துவிடுங்கள். தரையில் புரளும் வேட்டியை உயர்த்திக் கட்டுங்கள், நைட்டியை உயர்த்தித் தையுங்கள். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். தயவுசெய்து, முதல் தடுமாற்றத்திலேயே வாருங்கள்.