ஏழு புயல் வந்த ஆண்டில் மழை குறைந்தது ஏன்?

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு மேற்கே நகர்ந்தது. கரை கடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருங்காபுரி, மணப்பாறை வட்டாரங்களிலும் மரங்கள் வேரோடு விழுந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. கடலுக்கு இத்தனை தொலைவிலுள்ள மேட்டுநிலத்துக்குப் புயல் எப்படி வந்தது?

புயலுக்கு எரிபொருள் கடலின் சூடு. மேற்பரப்பு நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஏராளமாக ஆவியாகும். அந்த ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்து மேகமாகும்போது, ஆவியானபோது உள்வாங்கிய வெப்பத்தை வெளிவிடும். அதனால் காற்று இன்னும் மேலேறும். கீழே அழுத்தம் குறையும். சுற்றியுள்ள காற்று அங்கே பாயும். பூமியின் சுழற்சி அதைச் சுழல வைக்கும். தரையேறினால் ஈரம் கிடைக்காது, புயல் தளரும். ஆனாலும் அவ்வளவு பெரிய சுழல் உடனே நின்றுவிடாது. கஜா விரைவாக நகர்ந்ததால், முழுக்கத் தளரும் முன்பே உள்மாவட்டங்களை எட்டியது. கேரளத்தையும் தாண்டி அரபிக்கடலில் இறங்கியது.

வங்கக்கடல், அரபிக்கடல் இரண்டிலும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து புயல்கள் உருவாகும். 2018இல் ஏழு: சாகர், மேகுனு, தயே, லூபன், தித்லி, கஜா, பெய்ட்டி. இவற்றில் லூபனும் தித்லியும் அக்டோபரில் இரு கடல்களிலும் ஒரே சமயத்தில் சுழன்றன.

இத்தனை வந்தும், அந்த வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்துக்குக் கிடைத்த மழை இயல்பைவிட 24 சதவீதம் குறைவு. சுற்றுவட்டார ஈரத்தையெல்லாம் தன்னிடம் இழுத்து, தான் போகும் பாதையில் கொட்டிவிடுவது புயலின் இயல்பு. லூபனும் தித்லியும் காற்றின் போக்கைக் குலைத்ததால், அக்டோபர் 20 வாக்கில் தொடங்க வேண்டிய பருவமழை நவம்பர் 1 வரை தள்ளிப்போனது. டிசம்பரில் ஆந்திரக் கரைக்குப் போன பெய்ட்டி, வறண்ட தரைக்காற்றைத் தமிழகத்தின் மேல் இழுத்துவிட்டது.

மானாவாரி வெள்ளாமைக்கு வேண்டியது, கீழைக்காற்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் பெய்விக்கும் மழை. ஒரே நாளில் கொட்டும் மழை ஓடிவிடும். அதைப் பிடித்துவைக்க வரத்துக்கால் அடைபடாத குளங்கள் வேண்டும். புயல் எச்சரிக்கையும் கடலோரத்தோடு நின்றுவிடாமல் மருங்காபுரி வரை வர வேண்டும். அடுத்த ஆண்டான 2019இலேயே இவ்விரு கடல்களிலும் எட்டுப் புயல்கள் உருவாகிவிட்டன. இந்த இரண்டு ஏற்பாடுகளையும் இனித் தள்ளிப்போட முடியாது.