கியர் விழலையா? முதல்ல கிளட்சைப் பாருங்க



திருமுக்கூடலைச் சுற்றியுள்ள நம் கிராமங்களில் பழைய கார், ஆம்னி வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். ஓட்டுவது வீட்டுக்காரரோ மகனோ. குழுவில் கடன் எடுத்துத் தவணை கட்டுவது நாம். வண்டி நின்று போனாலும் தவணை நிற்காது.

"கியர் பாக்ஸ் போயிடுச்சும்மா, இறக்கணும்" என்று பட்டறையில் சொன்னால் பல ஆயிரம் செலவு. ஆனால் கியர் விழாததற்குக் காரணம் எப்போதும் கியர் பாக்ஸ் அல்ல. கிளட்ச் கேபிள் தளர்ந்தாலும் அப்படித்தான் இருக்கும். அது சின்ன வேலை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நம் பணம் மிஞ்சும்.

கிளட்ச் எது, கியர் பாக்ஸ் எது?

தையல் மெஷினில் பாபின் சுற்றும்போது பக்கத்துச் சக்கரத்தின் நட்டைத் தளர்த்துகிறோம். சக்கரம் சுற்றும், ஊசி ஓடாது. கிளட்ச் செய்வதும் இதே வேலைதான். பெடலை மிதித்தால் இன்ஜின் தனியாகச் சுற்றும்; விட்டால் அதன் சக்தி கியர் பாக்சுக்குப் போகும்.

கியர் பாக்சுக்குள் பல் சக்கரங்கள் ஆயிலில் நனைந்தபடி சுற்றுகின்றன. முதல் கியரில் இழுவை அதிகம், வேகம் குறைவு. மேல் கியரில் வேகம் அதிகம், இழுவை குறைவு. ஆம்னியில் அங்கிருந்து நீளமான ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்துக்குச் சக்தி போகும். மாருதி 800, ஆல்டோ போன்றவற்றில் முன் சக்கரத்துக்குப் போகும்.

அறிகுறிகளும் காரணங்களும்

1. கியர் விழ மறுக்கிறது. ரிவர்ஸ் போட்டால் 'கர்' என்று அரைக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். நின்றபோது லேசாக விழுந்து, ஓடும்போது விழாவிட்டால் குறை பெரும்பாலும் கிளட்சில்தான். கேபிளை அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகலாம். நின்றபோதும் விழாவிட்டால் கியர் ராடு, கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். கியர் பாக்சை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

2. இன்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. மேட்டில் கருகிய வாடை. கிளட்ச் வழுக்குகிறது. கேபிள் அதிகம் இறுகியிருந்தால் தளர்த்த வேண்டும். பிளேட் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மறுபடி கியர் பாக்சை இறக்கக் கூலி கொடுக்க வேண்டி வரும்.

3. நியூட்ரலில் நிற்கும்போது சத்தம். பெடலை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸ் பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்.

4. ஒரே ஒரு கியர் மட்டும் அரைக்கிறது, அல்லது ஓடும்போது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது. ராடும் மவுண்டிங்கும் சரியாக இருந்தால் இது கியர் பாக்சின் உள் தேய்மானம். தள்ளிப்போடாதீர்கள்.

5. வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டு. கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். சீல் மாற்றுவது சின்ன செலவு. ஆயில் இல்லாமல் ஓட்டினால் பல் சக்கரமே போய்விடும்.

6. கிளம்பும்போது 'டக்' சத்தம் வந்தால் ஆம்னியில் ஷாஃப்ட் கிராஸைப் பாருங்கள். திருப்பும்போது 'கட கட' என்றால் முன் சக்கர வண்டிகளில் ஆக்சில் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்தவுடனே மாற்றினால் ஜாயின்ட் தப்பிக்கும்.

வெள்ளக் காலத்தில் கவனம்

2021 நவம்பரில் பாலாற்றில் எவ்வளவு வெள்ளம் வந்தது என்று நமக்குத் தெரியும். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியை இறக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து. வாசலில் நின்ற வண்டி தண்ணீரில் மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள். கியர் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. முழுவதும் வடித்துப் புது ஆயில் ஊற்றச் சொல்லுங்கள்.

ஓட்டுபவரிடம் சொல்ல வேண்டியவை

* கிளட்ச் பெடல் மேல் காலை வைத்தபடி ஓட்டாதீங்க.
* மேட்டில் வண்டியை ஹாஃப் கிளட்சில் நிறுத்தாதீங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க.
* வண்டி முழுசா நின்ற பிறகுதான் ரிவர்ஸ்.
* அளவுக்கு மேல் ஆளும் மூட்டையும் ஏற்றாதீங்க.
* வண்டிக் கையேட்டில் சொன்ன கியர் ஆயிலையே, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்க.

பழைய வண்டிக்குக் கடன் கேட்கும் முன்

ஆம்னி தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் பழையதுதான். அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே எல்லா கியரும் போட்டு ஓட்டிப் பாருங்கள், ரிவர்ஸ் உட்பட. பிறகு யாரும் முன்னால் இல்லாத சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் வைத்து, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். இன்ஜின் அணைந்துவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம்.

பட்டறையில் கேட்க மூன்று கேள்விகள்: "கேபிள் பார்த்தீங்களா? ஆயில் அளவு பார்த்தீங்களா? மாற்றின பழைய சாமானைக் கையில் கொடுப்பீங்களா?" கேட்பதில் வெட்கம் வேண்டாம். குழுக் கணக்கில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேட்கிறோம், பட்டறையிலும் கேட்போம். வாகனக் கடன் பேசும் அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.