தூக்கமும் படிப்பே!

தேர்வு நெருங்கிவிட்டால் நம்மில் பலர் முதலில் குறைப்பது தூக்கத்தை, அடுத்துக் கைவிடுவது காலை உணவை, பின்னர் விளையாட்டை. இவற்றில் மிச்சமாகும் நேரத்தைப் படிப்போடு சேர்த்துவிடலாம் என்பது நம் கணக்கு. அந்தக் கணக்கு சரிதானா என்று பார்ப்போமா, அன்புத் தோழியரே?

நமது மூளை, உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இரவெல்லாம் உண்ணாதிருந்த உடலுக்குக் காலையில் நான்கு இட்டலியோ, கொஞ்சம் கேழ்வரகுக் கூழோ கொடாமல் கணக்குப் போடச் சொல்வது, எண்ணெய் ஊற்றாமல் விளக்கை எரியச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மூளைக்கு உயிர்வளியைச் சுமந்து செல்வது இரத்தம். அதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆகவே, வகுப்பில் சோர்ந்து அமர்ந்திருப்பவளைச் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். அவளுக்கு இரத்தம் குறைவாக இருக்கலாம். கீரை, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றை இயன்றவரை உண்போம். கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும்.

இனி, தூக்கம். பகலில் படித்தவற்றை மூளை நாம் உறங்கும்போதுதான் நினைவில் உறுதிப்படுத்துகிறது. விடிய விடியக் கண்விழித்துப் படிப்பது, விதையை ஊன்றிவிட்டு மண்ணை மூடாமல் விடுவது போன்றதே! நம் வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பர் மருத்துவர். படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டுசெல்லாதிருப்பது நலம்.

விளையாட்டையும் மறவாதீர். நாள்தோறும் 60 நிமிடமேனும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்கு வேகமாக நடந்து வருவதும், கயிறு தாண்டுவதும் இதில் அடங்கும். இவற்றிற்குப் பணச் செலவில்லை.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பதே பெண்ணுக்கு அழகு என்ற பழக்கம் இன்னும் சில இல்லங்களில் உண்டு. மகனுக்கு வைக்கும் முட்டையை மகளுக்கும் வையுங்கள். அன்னையும் உடன் அமர்ந்து உண்ணட்டும்.

தோழியரே! சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். இவ்வாண்டு நாம் எழுதும் படிப்பு அட்டவணையில் உணவுக்கும், விளையாட்டுக்கும், உறக்கத்திற்கும் உரிய நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மற்றப் பாடங்களைப் பின்னர் எழுதுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி