நீமோ மீனை அடையாளம் காண்பது எப்படி?

2003இல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வெளிவந்த பிறகு கோமாளி மீனை அறியாத பிள்ளைகள் குறைவு. ஆனால், கோமாளி மீன் என்பது ஒரே மீன் அன்று. அந்தப் பெயரில் ஏறத்தாழ 30 இனங்கள் இருக்கின்றன.

தியோமான், ரெடாங் தீவுகளின் பவளப்பாறைகளில் நாம் காணும் நீமோ, ஓசெல்லாரிஸ் இனம். ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள். நடுப்பட்டை தலைப்பக்கமாகப் புடைத்திருக்கும். வளர்ந்த மீனில் தலையோரம் ஒரே வெள்ளைப் பட்டை இருந்தால் அது தக்காளிக் கோமாளி மீனாக இருக்கலாம். பாப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் பக்கம் வாழும் பெர்குலாவுக்கும் மூன்று பட்டைகள்தாம். ஆனால் அவற்றின் கருங்கரை பெரும்பாலும் தடித்திருக்கும். ஐயம் எழுந்தால் முதுகுத் துடுப்பு முட்களை எண்ணுவார்கள். ஓசெல்லாரிஸுக்கு வழக்கமாக 11, பெர்குலாவுக்கு 10.

இனத்தை அறிவதோடு, கூட்டத்தில் எது யார் என்பதையும் அறிய வேண்டும். ஒரு கடற்சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியதே பெண், அடுத்தது ஆண், மற்றவை முதிராதவை. பெண் போய்விட்டால் ஆண் பெண்ணாக மாறும். முதிராதவற்றில் பெரியது ஆணாகும். இதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை அங்கே முட்டை இல்லை. பெரிதாக இருக்கிறதே என்று ஒரு மீனைப் பிடிப்பவர், அந்தக் குடும்பத்தின் தாயையே பிடிக்கிறார்.

மலேசியக் கடல் பூங்காக்களில் அனுமதியின்றி மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்க்க ஆசையா? பண்ணையில் பொரித்த மீன்தானா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.