ஐப்பசி மழை ஏன் விடிகாலையில் கொட்டுகிறது?

ஐப்பசி பிறந்தால் வாசகர்கள் தவறாமல் கேட்பது இது: "சென்னையில் மழை ஏன் ராத்திரியிலும் விடிகாலையிலும் வெளுத்து வாங்குகிறது? பத்து மணிக்கு வெயிலே அடிக்கிறதே?" தொலைக்காட்சியில் கிடைக்கும் பதில் 'மேகவெடிப்பு'. ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. கொட்டினால்தான் வானிலை ஆய்வுத் துறை அந்தப் பெயரைச் சொல்லும். நம் விடிகாலை மழைகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் சேராதவை. காரணத்தைக் கரையில் தேட வேண்டும்.

வடகிழக்குக் காற்று வங்கக் கடல் மேல் தடையில்லாமல் வருகிறது. கரை ஏறியதும் மரம், கட்டடம் என்று உரசி வேகம் குறைகிறது. பொங்கலுக்கு ஊர் போகும் கார்கள் பரனூர் சுங்கச்சாவடியில் தேங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போவது மெதுவாகிறது. பின்னால் வருவது அதே வேகத்தில் வந்து நெருக்குகிறது. அந்தக் கார்களால் மேலே எழும்ப முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி தாங்காமல் எழும்பும், எழும்ப எழும்பக் குளிரும், டிக்கியில் சுமந்து வந்த தண்ணீரைச் சாவடி மேலேயே கொட்டும். திண்டிவனம் சேரும்போது டிக்கியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். கரையோரத்தில் காற்று செய்வது இதைத்தான்.

இரவில் இந்தச் சாவடி கடலுக்குள்ளேயே நகர்ந்துவிடுகிறது. தரை சீக்கிரம் குளிர்கிறது. நவம்பர் கடலோ 28 டிகிரி செல்சியஸை ஒட்டி வெதுவெதுப்பாகக் கிடக்கிறது. கரையின் குளிர்காற்று மெல்லிய படலமாகக் கடல் பக்கம் நழுவ, எதிரே வரும் ஈரக்காற்று அதன் முதுகில் ஏறியாக வேண்டும். படலத்தின் உயரம் சில நூறு மீட்டர்தான். அது தூக்கிவிடும் மேகமோ பல கிலோமீட்டர் வளர்கிறது! இதைவிட அழகான ஏற்பாட்டை வானிலையியலில் நான் படித்ததில்லை. திரண்ட மேகங்களை வடகிழக்குக் காற்று ஊருக்குள் தள்ளுகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் நிலக்காற்று அடங்கும். மழையும் பெரும்பாலும் விட்டுவிடும்.

1686-இலேயே எட்மண்ட் ஹாலி, தரைக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பருவக்காற்றுக்குக் காரணமாகச் சொன்னார். மயிலாப்பூரில் விடிகாலை நாலு மணிக்கு மழை ஏன் என்பதற்கு அது போதாது.

கரையோர நெருக்கடியின் விளைவு மழைக் கணக்கிலும் தெரிகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தின் சராசரி மழை 44 செ.மீ.; சென்னைக்கு 80 செ.மீ. அளவில் கிடைக்கிறது. புயல்களுக்கும் அதில் பங்குண்டு. தூத்துக்குடியும் கடற்கரைதான், ஆனால் எதிரே இலங்கை மறித்து நிற்பதால் ஈரத்தின் பெரும்பங்கு அங்கேயே இறங்கிவிடுகிறது. அந்த மறைப்பை நம்பி 'வறண்ட மாவட்டம்' என்று முத்திரை குத்துவதும் தவறு. 2023 டிசம்பரில் குமரிக்கடல் பகுதியில் ஒரு காற்றுச்சுழற்சி நிலைகொண்டபோது, அதே மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது.