சிற்றில் கட்டும் சிறு கைகள்

கடல்மல்லைத் தலசயனப் பெருமாளின் தல வரலாற்றைக் கேட்டு உருகாத அடியார் இல்லை. பாற்கடலில் பள்ளிகொண்ட பரமனுக்குத் தாமரை மலர்களைத் தம் கையாலேயே சாற்ற விரும்பினார் புண்டரீக மகரிஷி. வழியை மறித்துக் கிடந்தது கடல். அதைக் கைகளால் இறைத்து வற்றச் செய்ய முற்பட்டார் அவர். அள்ளிய நீர் மீண்டும் கடலுக்கே ஓடிற்று, முனிவரோ ஓயவில்லை. அப்போது பெருமான் ஒரு முதியவராக வந்து, பசிக்கிறது என்றார். முனிவர் அமுது கொண்டுவரச் சென்ற வேளையில், அவர் விட்ட பணியைத் தாமே ஏற்று நீரை இறைத்தார். திரும்பி வந்த முனிவர், கடல் பின்வாங்கிய இடத்தில், பாம்பணையும் இன்றி, வெறுந்தரையில் பள்ளிகொண்டிருந்த எம்பெருமானைக் கண்டார்.

அத்திருக்கோயிலிலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் மாமல்லபுரத்துக் கடற்கரை. அங்கே எந்த மாலையிலும், மூன்று வயதுக் குழந்தை ஒன்று மணலில் குழி தோண்டி, அதைக் கடல்நீரால் நிரப்ப முயல்வதைக் காணலாம். இரு கைகளிலும் அள்ளிய நீர் குழிக்கு வந்து சேர்வதற்குள் விரலிடுக்கில் ஒழுகிவிடுகிறது. எஞ்சிய துளியை மணல் குடித்துவிடுகிறது. குழந்தை மறுபடியும் ஓடுகிறது. "போதும் வாடா கண்ணா, உடம்பெல்லாம் மண்" என்று குரல் கொடுப்பவர், பெரும்பாலும் சற்று முன்புதான் சந்நிதியில் முனிவரின் கதையைக் கேட்டுக் கைகூப்பிய தாத்தாவோ பாட்டியோதான். முதியவராக வந்த பெருமான் முனிவரைத் தடுக்கவில்லை என்பது அந்நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

உலர்மணல் நீரைக் குடிக்கும், ஈரமணல் பிடித்தபடி நிற்கும், ஒரு கையைவிட இரு கை அதிகம் கொள்ளும், குழியின் விளிம்பை இறுக்கினால் சரிவு குறையும் என்பனவற்றை எல்லாம் அக்குழந்தை எவரும் சொல்லாமலே அறிந்துகொண்டிருக்கிறது. தோற்றாலும் மீண்டும் முயலும் பழக்கம் அதனோடு சேர்ந்து வருகிறது. வீட்டார் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பொழுதை வீணாக்குவது.'

பக்தி இலக்கியம் அவ்வாறு பெயர் வைக்கவில்லை. யசோதையின் நிலையில் நின்று கண்ணனைப் பாடிய பெரியாழ்வார், தாலாட்டுக்கும் அம்புலிக்கும் செங்கீரைக்கும் சப்பாணிக்கும் தளர்நடைக்கும் தனித்தனித் திருமொழிகளை அருளினார். பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்ளும் புறம்புல்கலுக்கும், முகத்தை மாற்றிப் பயமுறுத்தும் அப்பூச்சிக்கும்கூட அங்கே இடமுண்டு. பரம்பொருளின் பெருமையைச் சொல்ல வந்தவர் ஒரு குழந்தையின் விளையாட்டுகளை வரிசை தவறாமல் சொல்லிச் செல்கிறார். பின்வந்த பிள்ளைத்தமிழ் அதையே இலக்கணமாக்கிற்று. மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் பருவங்களை அடைவிக்கும் மரபு ஒன்று உண்டு. ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி இரு கைகளையும் ஊன்றித் தலை அசைக்கும் செங்கீரை. ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி. பதின்மூன்றில் நடந்துவரும் வருகை. அதன்பின் நிலவை அழைக்கும் அம்புலி. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். குழந்தைநல மருத்துவர் இன்று தடுப்பூசி நாளில் தாயிடம் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய இவைதாம்: தலை நிற்கிறதா, கைதட்டுகிறதா, நடக்கிறதா?

ஒன்று கவனிக்கத்தக்கது. அப்பத்துப் பருவங்களில் ஏடெழுதும் பருவம் என ஒன்று இல்லை.

மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பியும் அப்படியே. கடற்கரைக் கோயிலிலும் மகிஷாசுரமர்த்தினி குகையிலும் உள்ள சோமாஸ்கந்தத் திருவுருவங்களில், தந்தைக்குக் குருவான ஞானபண்டிதன் அன்னை உமையின் மடியில் சிறு குழந்தையாகவே இருக்கிறான்.

இனி இன்றைய காலைப்பொழுது. செங்கல்பட்டு நகரிலும் திருக்கழுக்குன்றத்திலும் மூன்று வயது நிறைந்த குழந்தைகளை ஏற்றிச் செல்லப் பள்ளி வேன்கள் தெருமுனையில் நிற்கின்றன. மாலையில் பையில் திரும்பி வருவது கோடிட்ட நோட்டுப் புத்தகமும் அதில் ஒரு பக்கம் நிறைய எழுத வேண்டிய எழுத்தும். அதை எழுதவைக்கும் பொறுப்பு, பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை பாட்டியுடையது. குழந்தை அழுகிறது, பென்சிலை முஷ்டியில் பிடிக்கிறது, பாட்டி அதன் கையைப் பிடித்து இழுத்து எழுதுகிறாள். பிடிவாதம் என்றும் மந்தம் என்றும் பேச்சு எழுகிறது.

இரண்டும் அல்ல. மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, வெறும் குருத்தெலும்பு. ஒன்றன்பின் ஒன்றாக அவை எலும்பாகத் தொடங்குகின்றன. மூன்று வயதில் பாதிகூடத் தொடங்கியிருப்பதில்லை. கடைசி எலும்பு தொடங்கப் பத்து வயதையும் நெருங்கலாம். அந்தக் கைக்கு முதலில் வேண்டியது பிசைதல், உருட்டுதல், கோத்தல், தோண்டுதல். பூத்தொடுக்கும் பாட்டியின் அருகில் அமர்ந்து உதிரிப் பூவைக் காம்போடு எடுத்துக் கொடுக்கும் குழந்தை, பென்சிலுக்கு வேண்டிய விரற்பிடிப்பைத்தான் பழகிக்கொண்டிருக்கிறது.

இதைத் திண்ணைப் பள்ளிக்கூடம் அறிந்திருந்தது. அங்கே குழந்தை முதலில் தொட்டது எழுத்தாணியை அல்ல, மணலை. தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்தை வரைந்து, வாய்விட்டுச் சொல்லி, அழித்து, மீண்டும் வரைந்தது. கை பழகிய பிறகே ஓலை. 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையையும் கைக்கொண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இது இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. மணலை விட்டுவிட்டு மூன்று வயதில் நோட்டுப் புத்தகத்துக்குத் தாவியவர்கள், மணலைக் கொடுத்த ஊர்க்காரர்களே என்பது வேடிக்கை.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து இக்கரைக்கே வந்தார் இன்னொருவர். இத்தாலி நாட்டின் மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சபையினரின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில் அடையாற்றில் வந்திறங்கியபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. சில மாதங்கள் தங்க வந்தவர், உலகப்போர் மூண்டிருந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய கருவிகளுள் புகழ்பெற்றது, உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்து. குழந்தை அதன் சொரசொரப்பை விரலால் தடவி வடிவை உணர்கிறது. பென்சில் பிறகு வருகிறது. குழந்தையின் விளையாட்டை 'வேலை' என்றே அழைக்க விரும்பினார் அம்மையார். கையே அறிவின் கருவி என்பது அவர் கொள்கை.

விஜயதசமியன்று கோயிலில் குழந்தையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் எழுதவைக்கும் வித்யாரம்பமும் இதற்கு முரணானது அல்ல. அங்கும் விரல், அங்கும் தானியம். அடுத்த நாளே அதைப் பென்சிலாக மாற்றுவதுதான் அவசரம். தாம்பாளத்தில் அரிசியோ மணலோ பரப்பி, நாள்தோறும் சிறிது நேரம் குழந்தை தன் விருப்பம்போல் கோடிழுக்க விட்டால் அந்த நல்ல நாள் தொடரும்.

முதியோர் இன்றும் 'பால்வாடி' என்றே அழைக்கும் அங்கன்வாடியைப் பற்றியும் ஒரு சொல். 1975 அக்டோபர் 2 அன்று, நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கிய திட்டம் அது. இன்று தமிழகத்தில் மட்டும் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. சத்துணவு தரும் இடம் என்ற அளவிலேயே பலர் அதை நினைக்கின்றனர். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் அங்கே முன்பருவக் கல்விக்கென ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. பாட்டு, கதை, வண்ணம், மணி கோத்தல் என்று பொழுது போகும். அதைப் பார்த்து, "அங்கே என்ன படிப்பு? சும்மா விளையாட விடுகிறார்கள்" என்று பேரனை அழைத்துவந்துவிடும் தாத்தாக்கள் உண்டு. எல்லா மையங்களும் ஒரேபோல் நன்றாக நடக்கின்றன என்று சொல்வதற்கில்லை. இடமும் பணியாளரும் பொம்மைகளும் போதாத மையங்கள் உண்டு. ஆனால் விளையாட விடுவது அவற்றின் குறை அன்று.

திருக்கழுக்குன்றத்துச் சித்திரைப் பெருவிழாவிலும் திருப்போரூர் மாசிப் பெருவிழாவிலும் திருவிழாக் கடைகள் வரும். பிள்ளைத்தமிழின் பருவங்களே அங்கு விலைக்கு வந்துவிட்டனவோ என்று தோன்றும். பனையோலைக் கிலுகிலுப்பை, சிறு மத்தளம், மரச் சொப்பு, மூன்று சக்கர நடைவண்டி. நடைவண்டியை ஓட்டக் குழந்தை தன் காலிலேயே நின்று தள்ள வேண்டும். இப்போது வீடுகளில் வாங்கப்படும் 'வாக்கர்' அப்படியல்ல. குழந்தை அதில் உட்கார்ந்து உருள்கிறது, படிகளில் கவிழ்கிறது. கனடா நாடு 2004இல் அதன் விற்பனையைத் தடைசெய்தே விட்டது. மரச்சாமான் வாங்கும்போது சாயம் உதிர்கிறதா என்று பார்த்தல் நலம். பல்லாங்குழியின் சோழியும் புளியங்கொட்டையும் மூன்று வயதுக்குமுன் வேண்டாம், விழுங்கிவிடும்.

விழா முடிந்த மறுநாள் தெருவில் நடப்பது இன்னும் சுவையானது. அட்டைப் பெட்டியில் கயிறு கட்டித் தேராக்கி, ஒரு கல்லை அதில் எழுந்தருளச் செய்து, பிள்ளைகள் 'சாமி புறப்பாடு' நடத்துவார்கள். ஒருவன் அர்ச்சகர், ஒருவன் தகர டப்பாவில் மேளம், ஒருத்தி இலையில் மணலை வைத்துச் சுண்டல் தருவாள். அர்ச்சகராக இருப்பவன் ஓடக்கூடாது. தீபாராதனை முடியும்வரை மேளம் நிற்கக்கூடாது. சுண்டலுக்கு வரிசையில் நிற்க வேண்டும். வீட்டில் இரண்டு நிமிடம் அசையாமல் இருக்க மறுப்பவன் இங்கே பத்து நிமிடம் கைகட்டி நிற்கிறான். ருஷ்ய உளவியல் அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் இதைத்தான் விளக்கினார்: தானே ஏற்ற விதிக்குக் கட்டுப்படும் விளையாட்டில், குழந்தை தன் வயதை மிஞ்சிய அடக்கத்தைக் காட்டுகிறது. பள்ளியில் பாடத்தைக் கவனிக்க வேண்டிய ஆற்றல் அதுவே. வைகாட்ஸ்கியைப் படிக்காத பாட்டி, அந்த மணல் சுண்டலை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் போதும். விளையாட்டு இன்னும் அரைமணி நேரம் நீளும்.

விளையாட விடுதல் என்றால் கைப்பேசியைக் கொடுத்து உட்கார்த்திவைப்பது என்று கொள்ளலாகாது. அங்கே ஒரு விரல்தான் அசைகிறது; எதிரில் இருப்பது பதில் பேசும் முகமும் அல்ல.

பேரக்குழந்தையோடு கடல்மல்லை செல்லும் அன்பர்கள், காலையில் பெருமாளைச் சேவித்தபின், கோயிலுக்குப் பின்னால் சில அடிகளிலேயே உள்ள அர்ச்சுனன் தபசு பாறைக்கு முன்னால் குழந்தையை நிறுத்தலாம். பெரிய யானையின் காலடியில் குட்டி யானைகள் எத்தனை என்று எண்ணச் சொல்லலாம். முன்னங்கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பி வந்த எலிகளையும் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். கதையை அதன்பின் சொல்லலாம். அருகிலேயே ஒரு குரங்குக் குடும்பம் கல்லில் அமர்ந்திருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது, குட்டி பால் குடிக்கிறது. வெயில் தாழ்ந்தபின் கடற்கரை. இக்கரையில் அலையின் இழுப்பு வலியது; ஆகவே குழந்தையைத் தண்ணீரில் இறக்காமல், பெரியவர் ஒருவர் அலைக்கும் அதற்கும் நடுவில் அமர்வது அவசியம். ஒரு மாற்று உடை, ஒரு கொட்டாங்கச்சி போதும். சிற்றில் கட்டுவதற்கு அலை வந்து திரும்பிய இடத்து ஈரமணலே ஏற்றது. மேட்டு மணலில் சுவர் நிற்காது.