கிரீடத்தையே அடகு வைத்த இங்கிலாந்து ராஜா... கடன் கொடுத்தவங்க கதி என்ன ஆச்சு?

அவசரத்துக்குப் பணம் புரட்ட வீட்டு நகை அடகுக் கடைக்குப் போவது நமக்குப் புதிதல்ல. 1339-ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டும் அதைத்தான் செய்தார். என்ன, அவர் அடகு வைத்தது தன் மகுடத்தை! அதை வாங்கிக்கொண்டவர் ஜெர்மனியின் ட்ரியர் நகரப் பேராயர்.

ஒரு நாட்டின் ராஜாவுக்கே ஏன் இந்த நிலைமை?

பணம் எங்கே போச்சு?

1337-ல் பிரான்ஸுடன் போர் தொடங்கியது. பின்னாளில் 'நூறாண்டுப் போர்' என்று பெயர் பெற்றது இதுதான். பிரான்ஸின் வடக்கு எல்லையில் இருந்த பிரபுக்களைக் காசு கொடுத்துத் தன் பக்கம் இழுப்பது எட்வர்டின் பிளான். பேரரசர் நான்காம் லூயிக்கு மட்டும் 3 லட்சம் ஃபுளோரின் தங்க நாணயங்கள் தருவதாக வாக்குக் கொடுத்தார்.

1338-ல் படையோடு ஆன்ட்வெர்ப் போய் இறங்கினார். கூட்டாளிகளோ பணம் வராமல் அசையவில்லை. முதல் படையெடுப்புக்கே 1339 செப்டம்பர் ஆகிவிட்டது. அதுவரை சண்டை இல்லை. ஆனால் செலவு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

கம்பளி கைகொடுக்கவில்லையா?

அன்றைய இங்கிலாந்தின் 'தங்கச் சுரங்கம்' கம்பளிதான். 30,000 மூட்டை கம்பளியை வியாபாரிகள் மூலம் வெளிநாட்டில் விற்று, அதிலிருந்து கடன் வாங்குவது திட்டம். ஆனால் முதல் தவணையாக டோர்ட்ரெக்ட் துறைமுகத்துக்குப் போன சுமார் 10,000 மூட்டைகளை மன்னரின் ஆட்களே எடுத்துக்கொண்டு, வியாபாரிகள் கையில் கடன் பத்திரத்தைத் திணித்தார்கள். அவ்வளவுதான், திட்டம் படுத்துவிட்டது.

அடுத்து ஃபுளோரன்ஸ் நகரின் பார்டி, பெருஸ்ஸி வங்கிக் குடும்பங்கள், ஹல் நகர வியாபாரி வில்லியம் டி லா போல் என்று எல்லாப் பக்கமும் கடன். 1339 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கடன் தொகை 3 லட்சம் பவுண்டு.

குடும்பமே ஜாமீன்!

1340 தொடக்கத்தில், நாடாளுமன்றத்திடம் பணம் கேட்க எட்வர்ட் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. கடன்காரர்கள் சும்மா விடுவார்களா? கர்ப்பிணியான ராணி ஃபிலிப்பாவும் குழந்தைகளும் கெண்ட் நகரில் பிணையாகத் தங்கினார்கள். அங்கேயே பிறந்த மகன்தான் ஜான் ஆஃப் கான்ட். அந்தக் 'கான்ட்' வேறொன்றுமில்லை, கெண்ட் நகரின் பெயரேதான்.

அதே ஆண்டு ஜூனில் ஸ்லூய்ஸ் கடற்போரில் எட்வர்டுக்குப் பெரிய வெற்றி. ஆனாலும் பணம் இல்லாமல் டூர்னே முற்றுகையைக் கைவிட்டு, செப்டம்பரில் போர்நிறுத்தம் செய்துகொண்டார். நவம்பர் இறுதியில் கெண்டிலிருந்து நைசாக நழுவி, நள்ளிரவில் லண்டன் கோட்டையில் வந்து இறங்கினார். வந்த வேகத்தில் அமைச்சர்களைப் பதவி நீக்கினார். பணம் அனுப்பவில்லை என்று பேராயர் ஸ்டிராட்ஃபோர்ட் மீது பழி போட்டார்.

கடைசியில் யாருக்கு நஷ்டம்?

ராஜா கடனைக் கட்டாவிட்டால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? பெருஸ்ஸி நிறுவனம் 1343-லும் பார்டி நிறுவனம் 1346-லும் திவாலாகின. எட்வர்ட் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஃபுளோரன்ஸின் சொந்தப் போர்ச் செலவுகளும் அந்த வங்கிகளை அரித்திருந்தன என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். எட்வர்டோ 1377 வரை அரியணையில் இருந்தார்.

லாபம் அடைந்தது நாடாளுமன்றம். 1340-ல் புது வரிக்கு ஒப்புக்கொண்டபோது, இனி தன் சம்மதம் இல்லாமல் வரி போடக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வாங்கியது. எட்வர்ட் அதைச் சில சமயம் மீறப் பார்த்தார். ஆனால் பணம் தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் அவர் தட்ட வேண்டியிருந்தது அதே கதவைத்தான்.